புதன்கிழமைப் பழுது

கற்றல் என்னும் பெருந்துன்பத்திலிருந்து மாணவர்களையும், கற்பித்தல் என்னும் பெருந்துன்பத்திலிருந்து ஆசிரியர்களையும் ஒரே நாளில், அதுவும் ஒரு சுபமுகூர்த்த நாளில், விடுவித்த பெருமை தாம்பரத்துக்குத் தெற்கே அமைந்துள்ள பேரறிவு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையே சேரும். இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. அந்த விடுதலைக்குப் பெயர் 'ஞானத்தேர் 4.0'. ஒன்று, இரண்டு, மூன்றெல்லாம் எங்கே என்று கேட்கக் கூடாது. தேர் என்று வந்துவிட்டால் வடத்தைப் பிடிக்க வேண்டுமே தவிர, சக்கரத்தை எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஞானத்தேர் ஒரு மென்பொருள். பாடத்திட்டம், வீடியோ, வினாடிவினா, வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் அதற்குள்தான். மாணவன் அதற்குள் நுழைந்தால் பச்சை விளக்கு, நுழையாவிட்டால் சிவப்பு. ஆசிரியருக்கும் அதே நீதி. டிஜிட்டல் கற்றல் முதன்மையர் டாக்டர் தோத்தாத்ரியின் அறையில் சுவரளவுக்கு ஒரு திரை. துறை துறையாகப் பச்சையும் சிவப்பும் அதில் மினுங்கும். அதைப் பார்த்தபடியே அவர் காபி குடிப்பார். முன்பெல்லாம் பாவம், வராந்தா வராந்தாவாக நடந்து, ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்து, 'வகுப்பு நடக்கிறதா' என்று கண்டுபிடித்து வர வேண்டியிருந்தது. அதில் மிஞ்சியது முட்டிவலி. இப்போது முட்டி சௌக்கியமாக இருக்கிறது. வகுப்பைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

வகுப்பு நடக்கும் முறை மிக எளிது. மணி அடித்ததும் மாணவர்கள் போனைத் திறப்பார்கள். அன்றைய பாடத்தின் வீடியோ ஓடும். நாற்பது நிமிடம். ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து, வீடியோ ஓடுவதை மேற்பார்வை செய்வார். 'வீடியோ ஓடும்போது ஆசிரியர் குறுக்கே பேசுவது கற்றலுக்கு இடையூறாகக் கருதப்படும்' என்று சுற்றறிக்கையே வந்துவிட்டது. கரும்பலகைகளையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். சுண்ணாம்புத் தூசியால் போன்களுக்கு ஆஸ்துமா வரும் என்று பயந்திருக்கலாம்.

மாணவர்களைச் சும்மா சொல்லக் கூடாது. அபாரமான ஒத்துழைப்பு. பெரும்பாலான வகுப்புகளில் அவர்கள் போன்களைப் பெஞ்சின் மேல் வரிசையாக நிறுத்தி வீடியோவை ஓடவிட்டுவிட்டு, கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். போன்கள் ஆடாமல் அசையாமல் பாடம் கேட்கும். நூற்றுக்கு நூறு பச்சை. அவ்வளவு ஒழுக்கமான மாணவர்களை அந்த வளாகம் அதற்குமுன் கண்டதில்லை.

இந்தப் பொற்காலத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. அவள் பெயர் நாகலக்ஷ்மி. புள்ளியியல் துறையில் ஒப்பந்த உதவிப் பேராசிரியை. கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் பிடித்துப் பல்லாவரம் வந்து, அங்கிருந்து மின்சார ரயில் பிடித்து வருகிறவள். எட்டு வருஷ சர்வீஸ். ஒவ்வொரு ஜூனிலும் அவளுடைய ஒப்பந்தத்தில் தோத்தாத்ரி கையெழுத்துப் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. அவர் கையெழுத்துக்குப் பச்சை விளக்கு தேவை. ஆகவே அவளும் மற்றவர்களைப் போல நாற்காலியில் அமர்ந்து, இறுதியாண்டு மாணவர்கள் இருபத்திரண்டு பேருக்கு முன்னால், தோத்தாத்ரியின் வீடியோவை மேற்பார்வை செய்தாள். ஆமாம், புள்ளியியல் வீடியோக்களில் பேசுகிறவரும் அவரேதான். முதல் பதினோரு நிமிடம் அவர் வாங்கிய பட்டங்களைப் பற்றியது.

அந்த வகுப்பில் ஜெரூஷா என்றொரு பெண். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடாத நாட்களில் படி ஏறிக்கொண்டே சூத்திரம் ஒப்பிப்பாளாம். அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. புரியாவிட்டால் புரியவில்லை என்பாள்.

"மேம், ஒரு டவுட்டு."

நாகலக்ஷ்மி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்து, போனைக் காட்டினாள். ஐயங்களை ஞானத்தேரின் 'ஐயக் களம்' என்ற பகுதியில்தான் எழுப்ப வேண்டும். ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெரூஷா தட்டினாள். நாகலக்ஷ்மியின் போன் 'டிங்' என்றது. அவள் பதில் தட்ட ஆரம்பிப்பதற்குள் ஞானத்தேரே முந்திக்கொண்டது: 'தங்கள் ஐயம் தீர்க்கப்பட்டது. மகிழ்ச்சியா? ஐந்து நட்சத்திரம் வழங்கவும்.'

"தீந்துடுச்சாம் மேம்," என்றாள் ஜெரூஷா.

"என்ன டவுட்டுன்னு மெதுவா சொல்லு."

"சார் இந்த எடத்துல 'இது ரொம்ப ஈஸி, நீங்களே போட்டுப் பாத்துக்குங்கோ'ன்னுட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்றாரு மேம். மூணு வாட்டி பின்னாடி ஓட்டிப் பாத்துட்டேன். மூணு வாட்டியும் அதையேதான் சொல்றாரு."

மனிதர் என்றால் நான்காவது தடவையாவது வேறு மாதிரி சொல்வார். வீடியோவின் உறுதி குலையவே குலையாது.

இந்த நிலையில்தான் புதன்கிழமை குறுக்கிட்டது. புதன்தோறும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை ஞானத்தேருக்குப் பராமரிப்பு. 'அந்நேரத்தில் கற்றல் நடைபெறாது. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் இடங்களில் அமைதியாக இருக்கவும்' என்று அறிவிப்பு. முதல் புதன்கிழமை எல்லாரும் அமைதியாகத்தான் இருந்தார்கள். இருபத்திரண்டு பேர் நாகலக்ஷ்மியைப் பார்த்தார்கள். நாகலக்ஷ்மி மின்விசிறியைப் பார்த்தாள். எட்டு நிமிடம் கழித்து ஜெரூஷா எழுந்து நின்றாள்.

"மேம், தேர் நின்னுடுச்சு. இப்பவாவது கேக்கலாமா?"

குற்றங்கள் எல்லாமே இப்படிச் சின்னதாகத்தான் ஆரம்பிக்கின்றன. நாகலக்ஷ்மி வாசலை எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. "கேளு," என்றாள். கேட்டாள். பதில் சொல்லப் பலகை வேண்டும். பலகை இல்லை. கடைசிப் பெஞ்சு விக்கி வெளியே ஓடிப்போய், கலையரங்கத்தின் பின்னால் சுருட்டிப் போட்டிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஞானத்தேர் தொடக்க விழாவுக்கு அடித்தது. முன்பக்கம் துணைவேந்தர் பத்தடி உயரத்தில் கைகூப்பியிருந்தார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. திருப்பி ஜன்னல் கம்பியில் கட்டினார்கள்.

"மழ பெஞ்சா நம்ம ரோட்டுல தண்ணி நிக்கறதுக்கு நிகழ்தகவு எவ்ளோ?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

"ஒண்ணு மேம்!" என்று வகுப்பே கத்தியது. கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம் என்று எல்லாரும் அனுபவஸ்தர்கள்.

"சரி. ரோட்டுல தண்ணி நிக்குது. அப்ப மழ பெஞ்சிருக்கும்னு சொல்லிடலாமா?"

விக்கி தலையைச் சொறிந்தான். "அத்த எப்டி மேம் சொல்றது? எவனாவது பள்ளம் தோண்டிகினு பைப்ப ஒடச்சி வுட்ருப்பான்."

"அதான்டா! அதேதான்! ரெண்டும் வேற வேற. இதுக்குப் பேர்தான் நிபந்தனை நிகழ்தகவு," என்று நாகலக்ஷ்மி கூவினாள். எட்டு வருஷமாக அவள் இப்படிக் கூவியதில்லை. அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் என்ன சந்தோஷம்! ஈரத்துணியால் துடைப்பதும் எழுதுவதுமாக இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கள்ளுக்குப் பழகியவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பதினாறு புதன்கிழமைகள். யாரும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பக்கத்து வகுப்புகள் அமைதியாக இருந்த நேரத்தில், இங்கே மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, துணைவேந்தரின் முதுகில் கணக்குப் போட்டார்கள். போதாக்குறைக்கு மற்ற நாட்களில் பச்சை விளக்குக்காக உள்ளே நுழைந்ததோடு சரி, வீடியோ பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். புரிந்த பாடத்துக்கு எதற்கு வீடியோ என்ற ஆணவம்தான்.

தெய்வம் நின்று கேட்குமோ என்னவோ, ஞானத்தேர் உடனே கேட்டுவிட்டது. பருவத்தேர்வு முடிந்து மதிப்பெண்கள் வந்தன. வீடியோவை நூறு சதவீதம் பார்த்த வகுப்புகளின் சராசரி முப்பத்தி நாலு. நான்கு சதவீதமே பார்த்த புள்ளியியல் வகுப்பின் சராசரி எண்பத்தி ஒன்று. இதைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் யார் மீது சந்தேகம் வரும்? நமக்கு வருவது இருக்கட்டும். ஞானத்தேரின் முறைகேடு கண்டறியும் பிரிவுக்குப் புள்ளியியல் வகுப்பின் மீதுதான் வந்தது. இருபத்திரண்டு பேரின் தேர்வு முடிவும் நிறுத்திவைக்கப்பட்டது. காரணம்: 'ஐயத்துக்குரிய அறிவு'.

ஜெரூஷா அழவில்லை. நாகலக்ஷ்மியிடம் வந்து ஒரு கடிதத்தைக் காட்டினாள். கொல்கத்தாவில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. இடம். நாடு முழுக்க எழுதிய நுழைவுத் தேர்வில் வாங்கியது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மதிப்பெண் பட்டியலை அனுப்பாவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நாளைக்கு எங்கள விசாரிக்கறாங்க மேம். உங்க பேர நாங்க யாரும் சொல்ல மாட்டோம்," என்றாள்.

அப்படி ஒரு வார்த்தையை நாகலக்ஷ்மி வாழ்க்கையில் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டே கணவர் ராகவேந்திராவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஆபத்து எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார்.

"நீ எதுக்கு வாயத் திறக்கற? பசங்க ஏதாவது சொல்லிச் சமாளிச்சுப்பாங்க. ஜூன்ல உனக்குக் கையெழுத்துப் போடறவரும் அதே தோத்தாத்ரிதான், ஞாபகம் இருக்கா?"

"அந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் கடைசி நாளுங்க."

"உனக்கு இன்னிக்கே கடைசி நாள் ஆயிடப் போறது."

சாம்பார் டப்பாவின் மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கினாள்.

விசாரணைக் குழுவில் மூவர். தலைவர் டாக்டர் தோத்தாத்ரி. தொழில்நுட்ப உறுப்பினர் பத்ரி, ஞானத்தேர் பிரிவின் அதிகாரி, மடிக்கணினியை மடியை விட்டு இறக்காத இளைஞர். வெளி உறுப்பினர் பக்தவச்சலம், கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். நடுநிலைக்காக அழைக்கப்பட்டவர். முதல் அரைமணி நேரம் பிஸ்கட் விஷயத்தில்கூட அவர் நடுநிலை தவறவில்லை. இனிப்பு ஒன்று, உப்பு ஒன்று. நாகலக்ஷ்மி வராந்தாவில் ஜன்னலோரமாக நின்றாள். உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

"எங்கம்மா படிச்சே?" என்று தோத்தாத்ரி ஜெரூஷாவைக் கேட்டார்.

"க்ளாஸ்ல சார்."

"பொய் சொல்லாதே. க்ளாஸ்ல எப்படிப் படிக்க முடியும்? க்ளாஸ்ல வீடியோன்னா ஓடும்?"

"புதன்கெழம சார்."

"புதன்கிழமை கற்றல் நடைபெறாதுன்னு சர்க்குலர் இருக்கே! அதையும் மீறிக் கத்துண்டியா?"

ஜெரூஷா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து விக்கி.

"யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். தானா வந்துகிச்சு."

"எண்பத்தேழு மார்க் தானா வருமா?"

"எங்களுக்கே பேஜாராத்தான் கீது சார். இன்னொரு தபா இப்டி நடக்காம பாத்துக்கறோம்."

பத்ரி எழுந்து, பறிமுதல் செய்யப்பட்ட ஃப்ளெக்ஸை மேஜை மேல் விரித்தார். பின்பக்கம் முழுக்க அரைகுறையாக அழிந்த சூத்திரங்கள். தோத்தாத்ரி அதைத் திருப்பிப் பார்த்தார். கைகூப்பிய துணைவேந்தரைக் கண்டதும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"பக்தவச்சலம் சார், பார்த்தேளா? முறைகேடு மட்டுமில்லை. அவமதிப்பு. இந்தக் கையெழுத்து யாருடையதுன்னு சொல்லாத வரைக்கும் ஒருத்தர் ரிசல்ட்டும் வெளியே போகாது."

சுவரோரமாக நின்ற இருபத்திரண்டு பேரில் ஒருவரும் நாகலக்ஷ்மியின் பெயரைச் சொல்லவில்லை. ஜெரூஷா சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் வராந்தாவில் நிற்க முடியவில்லை. கால் தானாக உள்ளே நடந்தது.

"என் கையெழுத்துதான் சார். நான்தான் பாடம் நடத்தினேன்."

"என்னது?"

"பாடம் நடத்தினேன் சார். பதினாறு வாரம். பசங்க மேல தப்பில்ல."

தோத்தாத்ரி முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்கோ மேடம். வெளியே ஸ்டாஃப் எல்லாம் இருக்கா. எதுக்கு நடத்தினேள்?"

"கேட்டாங்க சார்."

"கேட்டா நடத்திடறதா? நாளைக்கு எல்லா க்ளாஸ்லயும் கேப்பா. அப்புறம்? பத்ரி, வாக்குமூலத்தைப் பதிவு பண்ணிக்கோ."

பத்ரி தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், 'ஆசிரியர் செயல்'னு ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல ஒண்ணத் தேர்ந்தெடுத்தாத்தான் மேல போகும். 'வீடியோ ஏற்றினார்', 'வினாடிவினா ஏற்றினார்', 'நினைவூட்டல் அனுப்பினார்', 'நட்சத்திரம் கோரினார்'... 'பாடம் நடத்தினார்'னு ஒண்ணு இல்ல சார்."

"கீழே போய்ப் பாருப்பா."

"கீழ 'இதர'ன்னு இருக்கு. அமுக்கினா 'இதர செயல்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வருது. அது மட்டுமில்ல சார். அந்த நேரத்துல லாகின் எதுவும் கிடையாது. சிஸ்டம்படி மேம் அந்த ரூம்லயே இல்ல."

"நான் இருந்தேனே பத்ரி," என்றாள் நாகலக்ஷ்மி.

"நீங்க இருந்தீங்க மேம். அத யாரு இல்லேங்கறா? சிஸ்டம்ல இல்லையே."

தோத்தாத்ரி ஞானத்தேர் நிறுவனத்துக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். தேன் குரலில் ஒரு பெண் பேசினாள். விஷயத்தைக் கேட்டாள். 'ஒரு நிமிடம் சார்' என்று வீணை இசையை ஓடவிட்டாள். திரும்பி வந்தாள்.

"சார், இருநூத்திப் பதினாலு கல்வி நிறுவனங்கள் நம்ம தேரை யூஸ் பண்றாங்க. 'பாடம் நடத்துதல்'னு ஒரு ஆப்ஷன் வேணும்னு இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல சார்."

குற்றவாளி தயார், ஒப்புதல் தயார், தடயம் தயார். குற்றத்துக்குத்தான் பெயர் இல்லை. குற்றம் பதிவாகாவிட்டால் வழக்கை முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் முடிவும் வெளியாகாது. ஜெரூஷாவின் இடம் கொல்கத்தாவில் அடுத்தவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நாகலக்ஷ்மிக்குக் கோபம் கோபமாக வந்தது. வேலையைத் தூக்கிக் கொடுத்தும் வாங்கிக்கொள்ள ஆளில்லையே!

பக்தவச்சலம் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்த ரெண்டு மணி நேரம் உங்க மிஷின்ல என்னன்னு போட்டிருக்கு?"

"'பழுது மற்றும் பராமரிப்பு'ன்னு இருக்கு சார்."

"அப்ப அதுலயே எழுதிடுங்க. முப்பத்தஞ்சு வருஷம் கோர்ட்ல பாத்தவன் நான். கேஸ் கட்டை மூடணும்னா தலைப்பு வேணும், அவ்வளவுதான். பொருத்தமா இருக்கணும்னு சட்டம் இல்ல."

"பாடம் நடத்தினதைப் பழுதுன்னு எழுதறதா?" என்று தோத்தாத்ரி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருடைய முகம் மலர்ந்தது. "விதி என்ன சொல்றது பத்ரி?"

"'பழுதினால் விளைந்த மதிப்பெண்ணுக்கு மாணவர் பொறுப்பல்லர்.' ரிசல்ட்டை உடனே விட்டுடலாம் சார். ஆனா பழுதுக்குப் பொறுப்பானவங்க கையெழுத்துப் போடணும்."

காகிதம் வந்தது. 'எனது கவனக்குறைவால் பதினாறு வாரங்களில் மொத்தம் முப்பத்திரண்டு மணி நேரம் பழுது ஏற்பட்டது. இனி ஏற்படாது.' நாகலக்ஷ்மி இரண்டு முறை படித்தாள். அந்த முப்பத்திரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவள் எம்.பில். படித்தாள், பிஎச்.டி. படித்தாள், எட்டு வருஷம் பல்லாவரத்தில் கூட்டத்தில் நசுங்கி ரயில் ஏறினாள். அதைக் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"போட்டா நாளைக்கு மார்க் ஷீட் கையில இருக்குமா சார்?"

"இன்னிக்கே இருக்கும்," என்றார் தோத்தாத்ரி.

போட்டாள்.

மதிப்பெண் பட்டியல் மூன்றே முக்காலுக்கு வந்தது. ஜெரூஷா அதை வராந்தாவிலேயே படமெடுத்து அனுப்பிவிட்டு, நாகலக்ஷ்மியைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். விக்கி, "மேம், புதன்கெழமைக்கு வர்றோம் மேம்," என்றான். "நீங்க பாஸ் ஆயிட்டீங்கடா, கெளம்புங்கடா!" என்று நாகலக்ஷ்மி துரத்தினாள். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

மறுவாரமே ஞானத்தேரின் பராமரிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது. ஆள் இல்லாத வளாகத்தில் பழுது யாரைத் தொற்றும்? ஜூன் மாதம் நாகலக்ஷ்மியின் ஒப்பந்தத்தில் தோத்தாத்ரி கையெழுத்தும் போட்டார். எழுதிக் கொடுத்த வாக்குறுதியும், வாசலில் புதிதாக முளைத்த கேமராவும் சேர்ந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தன. புது வகுப்பில் அறுபது போன்கள் அவள் முன்னால் பாடம் கேட்டன. நூறு சதவீதம் பச்சை. ராகவேந்திரா, சாமி படத்துக்கு எலுமிச்சை மாலை போட்டார்.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பெற்றோர்கள் திரளாக வந்திருந்தார்கள். விருதுகள் வழங்கும் கட்டத்தில் முதல் பெயரே நாகலக்ஷ்மி. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். 'தர மேம்பாட்டுச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பத்ரி அதைப் படமெடுத்து 'ஆனந்தக் கண்ணீர்' என்று ஞானத்தேரில் ஏற்றினார். தோத்தாத்ரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, பெற்றோர்களே! சென்ற ஆண்டு நம் பல்கலைக்கழகத்தில், மொத்தம் முப்பத்திரண்டு மணி நேரம் பழுது ஏற்பட்டதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மறைக்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு முழுவதும், எந்த வகுப்பிலும், எந்த மாணவருக்கும், ஒரு நிமிடம்கூட அது ஏற்படவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்!"

வருஷம் முழுக்கக் கட்டணம் கட்டிய பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.